மாத்திரை மேல் வந்த பொறாமை

நான் ஒரு மாத்திரையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள். அடுத்த வீட்டுக்காரியின் புடவையைப் பார்த்து வயிறெரிந்தவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கூட வேலை செய்பவளுக்குப் பதவி உயர்வு வந்ததும் சோறு இறங்காமல் உட்கார்ந்தவர்களையும் தெரிந்திருக்கும். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு வெள்ளை மாத்திரை என்னைப் பாடாய்ப் படுத்தியது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

நீங்கள் உணவியல் படித்துப் பட்டத்தோடு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எந்த நோய்க்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு புரதம் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும், அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. உங்கள் புத்தகத்தில் இல்லாத ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். வேலையில் பொறாமை வரும். அது வரும் நாளில் நோயாளி ஒருத்தி உங்கள் எதிரில் நின்றுகொண்டிருப்பாள். என் தமிழ் கோவில் வகுப்பில் கற்ற தமிழ். அதனால் எழுத்து கொஞ்சம் விறைப்பாக இருக்கும். உங்களில் தமிழ் வாசிக்க வராதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் நம் தீவுப் பேச்சான கிரியோலில் சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஊர் ரிவியேர் தே ஸாங்கீய். அங்கே சந்தையில் அப்பா காய்கறி விற்றார். நான் நர்ஸாகச் சேர்ந்தேன். தீவின் தெற்கே ஓர் ஆஸ்பத்திரியில் சில வருஷம் வார்டில் ஓடியாடிய பிறகு, நோயாளிகளுக்குத் தனிச் சாப்பாடு செய்யும் சமையலறையைப் பார்த்துக்கொள் என்று மேட்ரன் என்னை அனுப்பினார். கூட இருந்த நர்ஸுகள் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். வார்டில் நூறு பேர் அதிகாரம் செய்வார்கள், சமையலறையில் நான் ஒருத்திதான். சர்க்கரைக்காரர், கால் வீங்கியவர், பேதிக்காரர் என்று யாருடைய தட்டும் என் கண்ணில் படாமல் வெளியே போகாது.

அந்தச் சமயத்தில்தான் வள்ளியம்மாவைக் கொண்டுவந்தார்கள். சுயாக் என்ற ஊரில் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துப் பிழைத்தவள். முப்பது வயது ஆகவில்லை. புருஷன் சர்க்கரை ஆலையில் வேலை, ஒரு பெண் குழந்தை. எலும்பும் தோலுமாய் இருந்தாள். எழுந்து நின்றால் தலை சுற்றி விழுவாள். வெயிலில் தலைகாட்டாமல் மெஷினே கதியென்று கிடந்தவள் மாசத்துக்கு மாசம் கருத்துக்கொண்டே போனாள். உள்ளங்கை ரேகையும் ஈறும்கூடக் கருத்திருந்தன. வீட்டில் கல் உப்பை எடுத்து வாயில் போட்டுச் சப்புவாளாம். மாமியார் அதைப் பார்த்து, மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று எதிர்வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம்.

எங்கள் பெரிய டாக்டர் அவள் ஈறைப் பார்த்தார், கையைப் பார்த்தார், நேரே என் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். மனுஷர் அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார். இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது, அட்ரீனல் என்று பெயர். உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் சாறு ஒன்று அதிலிருந்து வரும். காய்ச்சல், அடி, பட்டினி என்று உடம்புக்குக் கஷ்டம் வரும்போது தாங்கிப்பிடிக்கும் சாறு இன்னொன்று. நல்ல உடம்புக்காரர்கள் உப்பைக் குறைத்துச் சாப்பிட்டால் அந்தச் சுரப்பி விழித்துக்கொண்டு முதல் சாற்றைக் கூடுதலாகச் சுரந்து, இருக்கிற உப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

"இவளுடைய சுரப்பியைப் பழைய காசநோய் தின்றுவிட்டது. ஒரு மூலைதான் மிச்சம். உப்பு ஒழுகிக்கொண்டே இருக்கிறது, நீ ஊற்றிக்கொண்டே இரு" என்றார்.

"மருந்து என்ன டாக்டர்?"

"என் கையில் இப்போது எதுவும் இல்லை. உன் சமையலறைதான் மருந்து."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் வாழ்ந்தேன் தெரியுமா? எலுமிச்சம்பழம் பிழிந்த உப்பு நீர் காலையிலும் மத்தியானத்திலும். உப்புமீன் போட்ட தக்காளி ருகாய்க் குழம்பு. மாங்காய் அசார் ஊறுகாய். மற்ற நோயாளிகள் பார்த்து ஏங்கும்படி தட்டு தட்டாய் அனுப்பினேன். அவள் ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டாள். மெல்ல மெல்ல எழுந்து நின்றாள், பிறகு நடந்தாள், பிறகு ஊருக்குப் போனாள். மாசத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்க்க வரும்போது முதலில் என் வாசலுக்குத்தான் வருவாள். "அக்கா, உங்க தண்ணி குடிச்சாத்தான் எனக்குக் கால் தரையில நிக்குது" என்பாள். நான் ஏதோ வேலையாக இருப்பதுபோல் முதுகைத் திருப்பிக்கொள்வேன். முகம் அவ்வளவு பூரித்துப்போகும்.

அப்புறம் மிஸ் சராஸ் வந்தாள். சரஸ்வதி என்று பெயர், எல்லோருக்கும் மிஸ் சராஸ். காத்ர் போர்ன் நகரத்தில் சர்க்கார் உத்தியோகக் குடும்பம், சுத்தமான பிரெஞ்சு, இஸ்திரி கலையாத உடுப்பு. இங்கிலாந்துக்குப் பயிற்சிக்குப் போனவள் திரும்பி வந்து பெண்கள் வார்டுக்குப் பொறுப்பேற்றாள். அந்தப் பயிற்சிக்கு நானும் மனுப் போட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது உங்கள் காதில் ஓதுவதற்கு முன்னால். அவள் வந்த கொஞ்ச நாளிலேயே அந்த இரண்டாவது சாற்றுக்கு ஈடான கார்ட்டிசோன் மாத்திரையும் எங்கள் தீவுக்கு வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே கப்பலில் வந்தன என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய். சொல்லும்போது இனித்தது.

வள்ளியம்மாவுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்த அன்று பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார். "மூளைக்கு அடியில் ஒரு சர்தார் இருக்கிறான்." கரும்புத் தோட்டத்தில் ஆள்களை ஏவுகிற சர்தாரைத்தான் சொன்னார், எங்களுக்குப் புரியட்டும் என்று. "அவனும் ஒரு சாறு அனுப்பித்தான் அந்தச் சுரப்பியை வேலை வாங்குகிறான். நாம் மாத்திரை கொடுத்தால், வேலைதான் நடந்துவிட்டதே என்று அவன் சத்தம் போடுவதை நிறுத்திவிடுவான். மிச்சமிருக்கும் அந்த மூலையும் படுத்துவிடும். பிறகு நீங்கள் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் எழுந்திருக்க ஆள் இருக்காது. நிறுத்தாதீர்கள்." மிஸ் சராஸ் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன், அவளைவிடக் கொஞ்சம் பலமாக.

மாத்திரை வேலை செய்தது. அதுதான் பொறுக்கவில்லை. என் உப்பு அவளை நிற்கவைத்தது. அந்த மாத்திரையோ அவளைப் பாடவைத்தது. கன்னம் தெளிந்தது, குரல் ஏறியது, தீபாவளிக்குச் சுயாக்கில் பாதிப்பேருக்கு அவளே ரவிக்கை தைத்தாள். மாசாமாசம் வரும்போது நேரே மிஸ் சராஸிடம் போனாள். போகிற வழியில் எனக்கு ஒரு கை அசைப்பு. சில மாசம் அதுவும் இல்லை. நியாயம்தானே என்பீர்கள். நியாயம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா?

நடுவில் ஒரு சண்டையும் நடந்தது. மூட்டு வீக்கக்காரர்களுக்கும் மூச்சிழுப்புக்காரர்களுக்கும் அதே மாத்திரையை நிறையக் கொடுத்தார்கள். அவர்களுக்கு உப்பு உள்ளே தங்கி முகம் ஊதியது. அதனால் உப்பில்லாத தட்டு. சரிதான். ஆனால் வார்டில் அதை எல்லோருக்கும் பொதுவாக்கி, மாத்திரை தின்பவர் யாராக இருந்தாலும் உப்பு கூடாது என்று வைத்துவிட்டார்கள். வள்ளியம்மா சோதனைக்காக வந்து படுத்திருந்தபோது அவளுக்கும் உப்பில்லாச் சாப்பாடு கேட்டு ஆள் வந்தது. நான் உப்புப் போட்டே அனுப்பினேன். மிஸ் சராஸ் தட்டைத் திருப்பி அனுப்பினாள். நான் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வார்டுக்கே போனேன். தாழ்வாரத்தில் எங்கள் இருவர் குரலையும் கேட்டுப் பெரிய டாக்டர் வெளியே வந்தார். மற்றவர்களுக்குத் தேவைக்கு மேல் கொடுக்கிறோம், இவளுக்கு இல்லாததை ஈடுகட்டுகிறோம், இவளுக்கு உப்பு வேண்டும் என்று தீர்த்துவைத்தார்.

ஜெயித்தது நான். ஆனால் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிய பேச்சு வேறு. கமலா பொறாமை தாங்காமல் உப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்றார்கள். நான் சொன்னது சரி. நான் பொறாமையில் கத்தியதும் உண்மை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் ஜனங்களுக்கு ஒன்றுதான் காதில் விழும். அதற்குப் பிறகு வள்ளியம்மாவைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தைப்பூசக் காவடி வந்தது. எங்கள் தீவில் அது வெயில் மண்டையைப் பிளக்கும் மாசம். கோவிலில் கொடி ஏறிவிட்டால் பத்து நாள் விரதம், எங்கள் பேச்சில் கரேம். மீன் இல்லை, முட்டை இல்லை, வீட்டில் பாத்திரம் பண்டம்கூடத் தனி. நானும் வருஷா வருஷம் இருப்பேன், அந்த வருஷமும் இருந்தேன். இதைத் தெரியாதவர்கள் உங்களில் யாரும் இருக்கமாட்டீர்கள்.

கொடி ஏறிச் சில நாள் ஆகியிருந்தது. மத்தியானத் தட்டுகள் போன பிறகு நான் உட்கார்ந்திருந்தபோது வள்ளியம்மா வாசலில் வந்து நின்றாள். டாக்டரைப் பார்க்கும் நாள் அல்ல. மஞ்சள் புடவை, கையில் ஒரு காலி பாட்டில். எத்தனை மாசத்துக்குப் பிறகு முதலில் என் வாசல்!

"அக்கா, பழையபடி உப்புத் தண்ணி கலக்கித் தாங்க. கரேம் முடியிற வரைக்கும் வேணும். எப்படிக் கலக்கறதுன்னும் சொல்லிடுங்க."

"மாத்திரை தின்னறியே, அதுக்கு மேல என்ன?"

"நிறுத்திட்டேன். கொடி ஏறின அன்னைக்கே."

ஏன் என்று கேட்டேன்.

"அது மாட்டுப் பித்தத்துல செய்யறதாம் அக்கா. மிஸ் சராஸே சொன்னாங்க. நர்ஸுக்குப் படிக்க வந்த பொண்ணுங்களுக்கு என் கட்டில் பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. இத்தனை மாடு சேர்ந்தாத்தான் இத்தனை மாத்திரைன்னு ரொம்பப் பெருமையா. மத்த நாள்ல கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிடுவேன். முருகனுக்கு இருக்கறப்போ மாடு உள்ளே போகலாமா?"

அவள் சொன்னது உண்மைதான். அப்போது அப்படித்தான் செய்தார்கள். பிற்பாடு ஏதோ ஒரு கிழங்கிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கிழங்கு கொஞ்சம் முன்னதாக வந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

"இந்தப் பால்குடம் நான் எப்ப வேண்டிக்கிட்டது தெரியுமா? இங்க படுத்துக்கிட்டு உங்க உப்புத் தண்ணி குடிச்சப்போ. அப்ப இந்த மாத்திரை ஏது? உங்க உப்புலதான் எனக்கு உயிர் வந்துச்சு. இந்தப் பத்து நாளும் அதுவே போதும் அக்கா" என்றாள்.

உங்களிடம் மறைப்பதற்கில்லை, எனக்குக் காது குளிர்ந்தது. இத்தனை மாசமாக நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்த வசனத்தை அவள் ஒரு சொல் மாறாமல் சொன்னாள். மாத்திரைக்காரி வேண்டாம், நீதான் வேண்டும் என்று வந்து நிற்கிறாள். காரணமோ அந்த மாத்திரைக்காரியின் பெருமைப் பேச்சு. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மறுபடி என் ஆள்.

ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே. அவள் கதவு நிலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. முந்தானையில் வாந்தி வாடை. கேட்டதற்கு, பஸ்ஸில் குமட்டிவிட்டது, வெயில்தான் என்றாள். மணிக்கட்டைப் பிடித்தேன், நாடி நூலாக ஓடியது. உப்பு மட்டும் கொடுத்து நான் அவளைக் காப்பாற்றிய நாளில் அந்தச் சுரப்பியின் ஒரு மூலை விழித்திருந்தது. இப்போது அதுவும் படுத்துக் கிடந்தது. வெறும் உப்பு இவளைச் சுயாக் வரை கொண்டுசேர்க்குமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"சீக்கிரம் தாங்க அக்கா, பஸ் போயிடும். பிள்ளை மாமியார்கிட்ட இருக்கு."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உப்பு நீரைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே அதன் மேல் எனக்கு நம்பிக்கை போயிற்று. வேறு ஒருவர் சொல்லியிருந்தால் இதைச் சரி என்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சொல்லமாட்டேன். அவ்வளவுதான் யோசித்தேன், அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. உப்பு நீர் கலக்கி ஒரு டம்ளர் கொடுத்து, உட்காரவைத்து, சமையல்காரம்மாவிடம் இவளை வெளியே விடாதே என்று சொல்லிவிட்டு வார்டுக்கு ஓடினேன்.

பெரிய டாக்டர் அன்று தலைநகர் போர்ட் லூயிஸ் போயிருந்தார். மருந்து அலமாரிச் சாவி மிஸ் சராஸின் இடுப்பில். அவள் படிக்க வந்த பெண்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நிறுத்திட்டாளா? நல்லாத்தானே இருந்தா. நீ என்ன சொன்னே அவகிட்ட?" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலை."

"கமலா, அவ உன் வாசலுக்கு வர்றதில்லைன்னு உனக்கு எவ்வளவு ஆத்திரம்னு எனக்குத் தெரியும். பொறாமையில பேசாதே."

பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு முகம் பற்றி எரிந்தது. மறுத்துப் பேசியிருந்தால் பொழுது விடிய விடிய வாதாடியிருக்கலாம். அங்கே வள்ளியம்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா, பொறாமைதான். உன் மேலயும் பொறாமை, உன் மாத்திரை மேலயும் பொறாமை. அவ வாந்தி எடுத்திருக்கா, நாடி நூலா ஓடுது, இன்னும் கொஞ்ச நேரத்துல பஸ் ஏறிடுவா. வா" என்றேன்.

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு மாத்திரைக் குப்பியையும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியையும் எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தாள். இளையவர்களே, உங்கள் மேல் இருக்கும் பழி உண்மையாக இருந்தால் ஒத்துக்கொண்டு விடுங்கள். எதிராளிக்கு அதற்கு மேல் அடிக்க எதுவும் இருக்காது, நீங்கள் கொண்டுவந்த சேதி அப்போதுதான் அவர் காதில் ஏறும்.

கருவியில் முள் எங்கே நின்றது என்று பார்த்ததும் மிஸ் சராஸின் முகம் வெளுத்தது. குப்பியைத் திறந்தாள். வள்ளியம்மா வாயை இறுக்கிக்கொண்டாள். மிஸ் சராஸ் அதட்டினாள். பிறகு கெஞ்சினாள்.

"நான் ஏதோ பெருமைக்குச் சொன்னேன் வள்ளியம்மா. அதைப் போய்ப் பிடிச்சுக்கிட்டியா?"

"அப்ப அது பொய்யா மிஸ்? மாட்டுல செய்யறது இல்லையா?"

பொய் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. மிஸ் சராஸ் குப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பொய் இல்லை" என்றாள். அந்த நேரத்தில் அவளை எனக்குப் பிடித்துப் போயிற்று. அதற்காகவும் அவள் மேல் கோபம் வந்தது.

"அப்ப வேண்டாம். ஊசியும் வேண்டாம், எல்லாம் அதேதானே" என்று வள்ளியம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க அக்கா. நீங்களும் கரேம்ல இருக்கீங்க. நீங்க முழுங்குவீங்களா?" என்றாள்.

என் வாயை அடைக்கத்தான் அதைக் கேட்டாள். நான் மிஸ் சராஸிடம் கையை நீட்டினேன்.

"ஒண்ணு குடு."

"உனக்கா? பைத்தியமா?"

"குடு."

கொடுத்தாள். இத்தனை நாள் நான் தூர நின்று வெறுத்த பொருள் முதல் தடவையாக என் உள்ளங்கையில் இருந்தது. கனமே இல்லை. மேசை மேலிருந்த உப்பு நீரை ஊற்றி முழுங்கினேன். நாக்கில் பட்டுக் கசந்தது.

"ஆயோ, அக்கா! உங்க கரேம்!"

"போச்சு. எனக்கு அடுத்த வருஷமும் கரேம் இருக்கு. இதை நீ முழுங்கலேன்னா உனக்கு அடுத்த வாரம் இல்லை. முருகனுக்குப் பால் யார் கொண்டு போறது?"

அவள் அழுதாள். தேம்பித் தேம்பி அழுதுகொண்டே கையை நீட்டினாள். விழுங்கியது வாந்தியில் போய்விடலாம் என்று மிஸ் சராஸ் அதை நம்பாமல் ஆளை அனுப்பி, ஆபரேஷன் அறையிலிருந்து சின்ன டாக்டரை வரவழைத்தாள். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் நரம்பு வழியாக உப்பு நீர். இருட்டுவதற்குள் அவள் கண்ணில் உயிர் வந்துவிட்டது. குழந்தைக்குச் சேதி சொல்லியாயிற்றா என்று கேட்டாள்.

நோயாளியின் மருந்தை நீங்கள் ஒருபோதும் முழுங்காதீர்கள். மறுநாள் பெரிய டாக்டர் என்னை நிற்கவைத்துக் கிழித்த கிழி இன்னும் காதில் இருக்கிறது. திட்டி முடித்துவிட்டு, காவடியன்று வெயிலும் நடையும் கூட்டமும் அவள் உடம்புக்கு அடிதான், அன்றைக்கு மாத்திரையைக் கூட்டிக்கொடுங்கள், உப்பையும் கூட்டுங்கள் என்றார். அவள் சின்னச் செம்பாக எடுத்துக்கொண்டு, கோவிலுக்குக் கொஞ்ச தூரத்திலிருந்து நடந்தாள். புருஷன் என் உப்பு நீர்ப் பாட்டிலோடு கூடவே போனான். நான் விரதம் கெட்டவள், வேலியோரம் நின்று பார்த்தேன். அவள் வீட்டு ஆள்கள் அங்கே வந்திருந்த மிஸ் சராஸைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். அடுத்த மாசம் வள்ளியம்மா வந்தபோது மிஸ் சராஸ் நீட்டிய மாத்திரையை வாங்கமாட்டேன் என்றுவிட்டாள். "அக்கா கையால குடுத்தாத்தான்." கரேமை விட்டுவிட்டுத் தனக்காக முழுங்கியவளின் கை, அந்தக் கையால் வந்தால் மாடோ ஆடோ பரவாயில்லை என்று கணக்கு. மிஸ் சராஸ் குப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைக்க வேண்டியதாயிற்று. நான் அதிலிருந்து ஒன்றை வள்ளியம்மாவின் வாயில் போட்டு, அந்த மாசத்துக்கான மீதியை எண்ணிப் பொட்டலமாகக் கொடுக்கும்போது மிஸ் சராஸ் வாசலில் நின்று பார்ப்பாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும், பல மாசம் நான் போட்டுக்கொண்டு திரிந்த பார்வை. மாசாமாசம் அதை ஆற அமர அனுபவித்தேன். ஏன் கூடாது?

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். எழுந்து உட்காரக் கொஞ்சம் தெம்பு வந்த ஒரு நாள் வீட்டு வாசலில் மிஸ் சராஸ் நின்றாள். காத்ர் போர்ன்காரி, இஸ்திரி உடுப்போடு, எங்கள் சந்தைத் தெருச் சேற்றில்.

"உன் நோயாளி காலையிலிருந்து சமையலறை வாசல்ல உக்காந்திருக்கா. நான் குடுத்தா வாங்கமாட்டேங்கறா. கையிருப்பு நேத்தோட தீர்ந்துபோச்சாம்" என்றாள்.

உன் நோயாளி. அவள் வாயால் அதைக் கேட்க நான் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன்! கேட்டதும் எழுந்து சால்வையைத் தேடினேன். நான் இன்னும் ஒரு வாரம் படுத்திருந்தால்? என் கைக்கு என்ன, அது காய்ச்சலில் நடுங்குகிற கை. ஒருத்தியின் உயிரை அதில் தொங்கவிட்டுவிட்டு நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேனே என்று புரிந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன்.

வள்ளியம்மா என்னைக் கண்டதும் எழுந்து வாயைத் திறந்தாள். நான் மாத்திரையை எடுக்கவில்லை. குப்பியையே அவள் கையில் வைத்து மூடினேன். உப்புப் பொட்டலத்தை இன்னொரு கையில் வைத்தேன்.

"இனிமே உன் கையாலதான். தினமும் எவ்வளவுன்னு மிஸ் சராஸ் சொல்வாங்க. காய்ச்சல் வந்தா, வாந்தி வந்தா, காவடி எடுத்தா எவ்வளவு கூட்டணும்னும் சொல்வாங்க. உப்பு எப்படின்னு நான் சொல்றேன். எங்க ரெண்டு பேருக்காகவும் நிறுத்தாதே, முருகனுக்காகவும் நிறுத்தாதே."

"என்னால முடியாது அக்கா."

"ரவிக்கைக்கு அளவு பார்க்கற கை, இதுக்கு அளவு தெரியாதா?" என்றாள் மிஸ் சராஸ்.

இருவரும் மாறி மாறிச் சொன்னோம், அவள் திருப்பிச் சொன்னாள். தப்புச் சொன்னாள், மறுபடி சொன்னாள். கடைசியில் நான் ஒரு இடத்தில் தடுமாறியபோது அவளே எடுத்துக் கொடுத்தாள். குப்பியைத் திறந்து, ஒன்றை எடுத்து, தன் உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்து, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு இரண்டையும் பைக்குள் வைத்து, நேரமாகிவிட்டது, தைக்க வேண்டிய துணி கிடக்கிறது என்று கிளம்பிவிட்டாள்.

நாங்கள் இருவரும் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பை தோளில் ஆட, கையை வீசிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். பஸ் வந்தது, ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பஸ் போய்விட்டது.

"திரும்பிக்கூடப் பார்க்கலையே" என்றாள் மிஸ் சராஸ்.

நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.